அப்பாஸ் வாத்தியார் கட்டிய இலையுதிர் காலம்

திண்டுக்கல்லில் வேடசந்தூர்ச் சாலையை ஒட்டியிருந்த நடுநிலைப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராக இருந்தவர் அப்பாஸ். ஆனால் அப்பாஸ் என்ற பெயரைச் சொல்லி அவர் வீட்டை எவரும் கண்டுபிடித்ததில்லை. ‘மாம்பழ வாத்தியார் வீடு எது?’ என்று கேட்க வேண்டும். கேட்டால், தோல் கிட்டங்கி வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிகாட்டும்.

பெயருக்குக் காரணம் அவருடைய பாடமுறை. எந்தப் பிள்ளையாயினும் ஆனி மாதத்தில் மாம்பழம் வரையத் தொடங்கினால், தை பிறந்த பிறகே கூஜாவுக்கு வரலாம். “மாம்பழத்துல வளைவு இருக்கு, மூக்கு இருக்கு, நிழல் இருக்கு. மாம்பழம் கைக்கு வந்துட்டா மனுசன் தானா வந்துருவான்” என்பது அவர் கொள்கை. மனிதன் வருவதற்குள் முழு ஆண்டுத் தேர்வு வந்துவிடும். ஆகவே அவரிடம் பயின்று பெரிய வேலைக்குப் போனவர்களும், யோசனையில் ஆழ்ந்தால், காகித ஓரத்தில் மாம்பழமே போட்டார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் ஓர் ஆசை இருந்தது. வரைந்தது வரைந்ததாகத் தெரிந்தால் அது படமே அன்று. பார்ப்பவன் கை தானாக நீள வேண்டும் என்று அவர் நம்பினார். பள்ளி அலமாரியின் பூட்டுத் தொலைந்துபோனபோது, கதவின்மீது அசல் திண்டுக்கல் பூட்டு ஒன்றை, சாவித் துவாரமும் துருவும் விளங்க, வரைந்து வைத்தார். அதைக் கண்டு ஏமாந்தவர் ஒருவரும் இலர். கரையான்கூட ஏமாறாமல் உள்ளே போய், அங்கிருந்த வண்ணப் பெட்டியை அரித்துத் தின்றுவிட்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, தை மாதக் கடைசியில், தலைமையாசிரியர் ஆண்டிச்சாமி அவரைத் தம் அறைக்கு அழைத்தார். ஆண்டிச்சாமி நல்லவர். கெட்ட செய்தியை எதிரில் இருப்பவருக்கு மோர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். அன்று மோர் வந்தது.

“அப்பாஸ் சார், நேராச் சொல்லிடறேன். தக்கிளி நூற்புக்கு நேரம் பத்தலைங்கிறாங்க. ஒங்க ஓவியப் பாடவேளை ரெண்டையும் அதுக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன்.”

அப்பாஸ் மோர்க் குவளையைக் கீழே வைத்தார். “அப்ப நான்?”

“நீங்கதான் தக்கிளி எடுப்பீங்க.”

அப்பாஸ் வாத்தியாருக்கும் தக்கிளிக்கும் பொருத்தம் இல்லை என்பது பள்ளி அறிந்த செய்தி. அவர் சுழற்றினால் தக்கிளி இடப்பக்கம் போகும், பஞ்சு வலப்பக்கம் போகும். ‘வாத்தியார் நூத்த நூல்ல எறும்புகூடத் தொங்காது’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர் முகம் வெளுத்ததைக் கண்டு ஆண்டிச்சாமி மனமிரங்கினார்.

“ஒண்ணு செய்யலாம். மாசியில ஆண்டு விழா. பள்ளிக்கூடங்களைப் பாக்கிற டிப்டி இன்ஸ்பெக்டர் வாரார். ஓவியம் இல்லாம இந்தப் பள்ளிக்கூடம் நடக்காதுன்னு அன்னைக்கு எனக்குக் காட்டிருங்க. காட்டிட்டா பாடவேளையில கை வைக்க மாட்டேன்.”

“என்ன வரையணும்?”

ஆண்டிச்சாமி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியை எடுத்தார். அதில் ஒரு சீமைக் காடு அச்சிடப்பட்டிருந்தது. மரங்களில் பச்சை என்பதே இல்லை; எல்லா இலைகளும் மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன.

“இதுதான் இலையுதிர் காலம். நாலு பருவத்தையும் வச்சு ஒரு நாடகம் எழுதியிருக்கேன். வசந்தம், கோடை, பனி மூணையும் துணியக் கட்டிச் சமாளிச்சுருவேன். இலையுதிர் காலம் ஒங்க பொறுப்பு. வாசல்லேயிருந்து மேடை வரைக்கும் இலைத் தோரணம். நாடகத்துல அந்தக் கட்டம் வரும்போது எல்லாம் பொலபொலன்னு உதிரணும்.”

அருகில் அமர்ந்திருந்த தமிழாசிரியர் பொன்னழகு தொண்டையைச் செருமினார். “பருவம் நான்கு என்று எவர் சொன்னது? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு. தமிழ்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு பருவத்தை விழுங்குவது தகாது.”

“ஐயா, நாடகம் அரை மணி நேரம். ஆறு பருவம் வந்தா டிப்டி பஸ்ஸை விட்டுருவார்” என்றார் ஆண்டிச்சாமி. பிறகு மூடியை அப்பாஸிடம் நீட்டி, “சாயந்தரத்துக்குள்ள திருப்பித் தந்துருங்க. டப்பாவுல சீனி இருக்கு. எறும்பு ஏறிட்டா வீட்டுல நான் பதில் சொல்ல முடியாது” என்றார்.

மூடி மாலையில் திரும்பியது. அதற்குள் அப்பாஸ் வாத்தியார் அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார்.

முதற்சிக்கல் இலை. மூடியில் இருந்த இலைகளுக்கு ஐந்து விரல் இருந்தது. ஐந்து விரல் உள்ளது என்று ஆமணக்கிலையைப் பறித்து உலர்த்தினார். மறுநாள் அது செத்த வௌவாலைப் போலச் சுருண்டு கிடந்தது. பருத்தியிலையை உலர்த்தினார்; அது பீடி சுற்றத்தான் பயன்படும் போலிருந்தது. கடைசியில் பள்ளிக் கிணற்றடியில் நின்ற பூவரசமே கைகொடுத்தது. அதன் இலை தடிப்பானது. அழுத்தி உலர்த்தினால் அட்டை போல் நிற்கும். விரல் ஐந்தும் இல்லையே என்று ஒரு கணம் வருந்தினார். ‘சீமையிலயும் ஏதாவது ஒரு மரம் வெரல் இல்லாம இருக்கும்’ என்று தேற்றிக்கொண்டார்.

இலையை அழுத்துவதற்குப் பளு வேண்டும். பழைய செய்தித்தாள்களுக்கு இடையே இலைகளை அடுக்கி, அவற்றின்மேல் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். அம்மி இலைகளுக்குப் போனதால் அடுப்படிக்கு மசாலா வரவில்லை. மூன்றாம் நாள் சோற்றையும் வெறும் ரசத்தையும் அவர் முன் வைத்துவிட்டு, மனைவி தாஹிரா நின்றாள்.

“வெஞ்சனம்?” என்றார்.

“அம்மிக்கு அடியில இருக்கு. இலைதானே, எடுத்துப் போட்டுக்கங்க.”

இரண்டாவது சிக்கல் வண்ணம். வண்ணப் பெட்டியில் கரையான் விட்டுவைத்திருந்தது நீலம் ஒன்றுதான். இலையுதிர் காலத்துக்கு நீலம் ஆகாது. தாஹிராவின் அண்ணன் மீரான் மளிகை மண்டி வைத்திருந்தார். அவரிடம் போய்க் கேட்டால் உடைந்த விரலி மஞ்சள் கிடைக்கும் என்று அப்பாஸுக்குத் தோன்றியது. மீரான் ஒரு சாக்கு மஞ்சள் கொடுத்தார். கூடவே வாயும் கொடுத்தார்.

“என்ன மச்சான், மரத்துல இலை தானா உதிருது. அதை உதுக்கவா கெவருமெண்டு ஒமக்குச் சம்பளம் தருது?”

மஞ்சளை இடித்து, கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தார். உலர்ந்த இலையின்மேல் பூசினால் நிறம் மங்கியது. எனவே அடியில் வெள்ளை பூசலாம் என்று எண்ணி, தாஹிராவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து ஓர் இலையின் நரம்புகளில் மட்டும் தீட்டினார். அது காய்ந்ததும் இலை முழுதும் மஞ்சள் பூசினார். பூசிய கை பூசியபடி நின்றது. நரம்பெல்லாம் செக்கச்செவேலெனச் சிவந்து, சிவப்பு மெல்ல மஞ்சளுக்குள் பரவி, பிஸ்கட் டப்பாவின் மூடியே கைக்கு வந்ததுபோல் ஆயிற்று.

“தாஹிரா! வந்து பாரு!”

அவள் வந்து பார்த்தாள். “இதென்ன அதிசயம்? மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற தண்ணி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு கைப்பிள்ளைக்கும் தெரியும். நாளைக்கு இலைக்கெல்லாம் திருஷ்டி கழிக்கப் போறீகளா?”

அந்தச் சொல்லை அவர் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் காதில் வாங்கவில்லை. கண் மட்டுமே திறந்திருந்தது.

மறுநாள் முதல் ஏழாம் வகுப்பு முழுவதும் சுண்ணாம்பும் மஞ்சளுமாக ஆயிற்று. நரம்பில் வெள்ளை தீட்டி, மேலே மஞ்சள் பூசி, சிவப்பு கிளம்பி வருவதைக் காணப் பிள்ளைகள் தலைகளை முட்டிக்கொண்டார்கள். வாழ்வில் முதல்முறையாக மாம்பழமும் கூஜாவும் அல்லாத ஒன்று! ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு விதமாகச் சிவந்தது. அப்பாஸ் வாத்தியார் பிரம்பை எங்கே வைத்தோம் என்பதையே மறந்து, வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்து நடந்தார்.

தம் கைக்கென்று ஓர் இலையை மட்டும் அவர் ஒதுக்கிக்கொண்டார். அதில் விளக்குக் கரியும் காவியும் கொண்டு ஒரு புழு அரித்த ஓட்டையை வரைந்தார். ஓட்டையின் விளிம்பு காய்ந்து பழுப்பேறியிருந்தது. புழு கடித்த பற்குறி தெரிந்தது. உள்ளே இருள் தெரிந்தது. ஆண்டிச்சாமி வந்து அடுக்கி வைத்த இலைகளைப் பார்வையிட்டார். அந்த இலையை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்பாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஆண்டிச்சாமி, எதிரே ஓடிய ஆட்டைப் பிள்ளைகளிடம் விரட்டச் சொல்லிக்கொண்டே, இலையைப் பாராமல் மற்ற இலைகளோடு கீழே வைத்துவிட்டார்.

வியாழன் மாலை தோரணம் கட்டினார்கள். வாழைநாரில் இலைகளை நெருக்கமாகக் கோத்து, பள்ளி வாசல் தூண்களுக்கு நடுவே மூன்று சரமும், அங்கிருந்து மேடை வரை இரண்டு சரமும் ஓடவிட்டார்கள். மாலை வெயிலில் மஞ்சளும் சிவப்பும் அசைந்தன. மஞ்சள் மணம் சாலை வரை வீசியது. “திண்டுக்கல்லுக்குச் சீமை வந்துருச்சு” என்று ஆண்டிச்சாமி கையைத் தட்டினார். “மாசி என்பது பின்பனி” என்றார் பொன்னழகு.

அங்கேதான் பிசகு இருந்தது. மாசி என்பது பின்பனி மட்டும் அன்று. திண்டுக்கல்லில் அது மாரியம்மன் திருவிழா மாதம். ஊரில் காப்புக் கட்டி ஐந்தாறு நாளாகியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளி விடியலில், மார்க்கெட்டுக்குப் பூக்கூடை சுமந்து வந்த ஒச்சம்மாள் பள்ளி வாசலைக் கண்டு நின்றாள். ஒச்சம்மாள் நின்றால் சாலையே நிற்கும். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வாசலில் சரம் சரமாக இலை. இலையில் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே குங்குமச் சிவப்பு. காற்றில் மஞ்சள் வாசம். அவள் கூடையை இறக்கினாள். ஒரு கை மல்லிகையை அள்ளி வாசற்படியில் போட்டாள். பிறகு வாயருகே கையைக் குவித்து ஒரு குலவை போட்டாள். அந்தக் குலவை ரயில் நிலையம் வரை கேட்டது என்பார்கள்.

முதல் மணி அடிக்கும்போது வாசலில் முப்பது பெண்கள் இருந்தார்கள். மஞ்சள் நீர்க் குடங்கள் கவிழ்ந்து மண் குழம்பாகியிருந்தது. யாரோ ஒருத்தி கூழ்ப் பானையோடு வந்துவிட்டாள். அப்பாஸ் வாத்தியார் சைக்கிளை விட்டிறங்கி, செருப்போடு வாசலைக் கடக்கக் காலெடுத்து வைத்தார்.

“வாத்தியாரே! செருப்பு!” என்று முப்பது குரல் கேட்டது. அவர் தம்மையறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இதனோடு நின்றிருந்தால் பாதகமில்லை. செய்தி தெருத்தெருவாகப் போகப்போக உருமாறியது. ‘பள்ளிக்கூடத்துக்கு அம்மன் வந்துட்டா’ என்று புறப்பட்டது, நாலு தெரு தாண்டியதும் ‘பள்ளிக்கூடத்துல அம்மா வெளையாடுறாளாம்’ என்று ஆகிவிட்டது. அம்மை கண்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் அதுவே சொல். அவ்வளவுதான், தாய்மார்கள் ஓடிவந்து, வகுப்பில் இருந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நாடகத்தின் வசந்தம் போயிற்று. கோடை அழுதுகொண்டே போயிற்று. பத்து மணிக்குப் பள்ளியில் பெண்கள் நிறைய இருந்தார்கள். பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள்.

ஆண்டிச்சாமி அன்று மோர் கொடுக்கவில்லை. “கழட்டுங்க சார் அந்த இழவை! டிப்டி நாலு மணிக்கு வாரார். பிள்ளைங்க இல்லாத பள்ளிக்கூடத்துல அவர் யாருக்குப் பரிசு குடுப்பார்? விழா நடக்கலைன்னா, திங்கக்கிழமை நீங்க தக்கிளியோட வாங்க!”

அப்பாஸ் வாத்தியார் ஏணியைச் சாத்தி இரண்டு படி ஏறினார். கீழே ஏணியை ஒரு கை பற்றியது. ஒச்சம்மாளின் கை.

“எங்கிட்டு ஏறுறீக?”

“இதை அவுக்கணும் ஆத்தா.”

“காப்புக் கட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை பொழுது சாயாம அம்மன் தோரணத்தை அவுக்கிறதா? ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ள தாஹிராவுக்கு யாரு பதில் சொல்றது?”

“ஆத்தா, இது அம்மன் தோரணம் இல்ல. இலையுதிர் காலம்.”

“எந்தக் காலமா இருந்தா என்னய்யா? மஞ்சள் பூசியிருக்கா?”

“பூசியிருக்கு.”

“செவப்பு இருக்கா?”

“இருக்கு. ஆனா அது...”

“மாசி வெள்ளியா?”

“ஆமா.”

“அப்பறம் என்ன? எறங்குங்க.”

அவர் இறங்கினார். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. பள்ளிவாசலில், தொழுமுன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் இடத்தில், பக்கத்திலிருந்த மீரான் முகத்தைக் கழுவிக்கொண்டே, “மச்சான், மஞ்சத் துண்டு ஒண்ணு எடுத்து வைக்கவா? பூக்குழி எப்ப எறங்குறீக?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். அப்பாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழப் போனார். தொழுது முடித்து வெளியே வந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியிருந்தது: ஊரைக் கலைத்த வாயால்தான் ஊரைச் சேர்க்கவும் முடியும்.

நேரே ஒச்சம்மாளிடம் போனார். “ஆத்தா, நான் தோரணத்தைத் தொடலை. ஆனா பிள்ளைக எல்லாம் அம்மை வந்துருச்சுன்னு வீட்டுல ஒளிஞ்சிருக்குதுக. யாருக்கும் அம்மை இல்ல. அம்மன் இருக்கிற எடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாம இருக்கிறது மட்டும் நல்லதா?”

ஒச்சம்மாள் திகைத்தாள். “எவ சொன்னா அம்மைன்னு?”

“தெருவே சொல்லுது.”

“நான் போட்டது குலவை. அதைக் கேட்டுட்டு அம்மைங்கிறாளுகளா?” இடுப்பில் சேலையைச் செருகினாள். “செத்த நேரம் பொறுங்க. ஆனா ஒண்ணு. சாயந்தரம் இலை அம்புட்டும் எங்களுக்கு வேணும். வீட்டுக்கு ஒண்ணு. வேற யாரும் தரக்கூடாது. கட்டுன கைதான் குடுக்கணும்.”

“தாரேன்.”

அவள் போன தெருவில் எல்லாம் கதவுகள் திறந்தன. மூன்று மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு மாறுதல் இருந்தது. அம்மைக்கு அஞ்சிய தாய்மார்கள் காலையிலேயே பிள்ளைகளை மஞ்சள் நீரில் முக்கி எடுத்திருந்தார்கள். வசந்தம் மஞ்சளாக வந்தது. கோடை மஞ்சளாக வந்தது. வெள்ளைத் துணி போர்த்தி வரவேண்டிய பனியும் காது வரை மஞ்சளாக வந்து நின்றது.

“எல்லாப் பருவங்களும் இலையுதிர் காலமாகிவிட்டன. இப்போது ஒன்றே ஒன்றுதான் பருவம்” என்றார் பொன்னழகு, ஒருவகை நிறைவோடு.

டிப்டி இன்ஸ்பெக்டர் நாலரைக்கு வந்தார். நெட்டையான, சிரிப்பறியாத மனிதர். பள்ளிகளுக்குப் பொதுமக்கள் கைகொடுக்க வேண்டும் என்று மாநிலம் முழுவதும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, காலி நாற்காலிகளைக் கண்டு அலுத்திருந்தார். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் காலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். நூறு பெண்கள் குலவை இட்டார்கள். ஒச்சம்மாள் அவர் கழுத்தில் ஒரு முழத்துக்கு மேற்பட்ட மல்லிகையைச் சுற்றினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு பேரும்... பள்ளிக்காகவா?”

“ஆமாங்க” என்றார் ஆண்டிச்சாமி. வேறு என்ன சொல்வார்?

நாடகம் நடந்தது. மஞ்சள் வசந்தமும் மஞ்சள் கோடையும் வந்து போயின. இலையுதிர் காலமாக வேடமிட்ட பெண் மேடை நடுவே நின்று, கைகளை விரித்து, “இலைகளே, உதிர்க!” என்றாள். அப்பாஸ் வாத்தியார் ஓரத்தில் நின்று, தோரணத்தில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். ஓர் இலையும் உதிரவில்லை. வாழைநாரில் அவர் அத்தனை ஒழுங்காகக் கோத்திருந்தார். “இலைகளே, உதிர்க!” என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தம் முழுப்பளுவையும் கயிற்றில் போட்டுத் தொங்கினார். இலையுதிர் காலம் முழுவதும் ஒரே கணத்தில், நாரோடும் கம்போடும், முன்வரிசையின்மேல் இறங்கியது.

பெண்கள் பிரசாதம் என்று பாய்ந்தார்கள். “கட்டுன கை குடுக்கணும்! ஒழுங்கா நில்லுங்கடி!” என்று ஒச்சம்மாள் அதட்டினாள். அப்பாஸ் வாத்தியார் குலைந்த சரங்களிலிருந்து இலைகளைப் பிய்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். டிப்டி இன்ஸ்பெக்டரின் தலையில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கக் கையை உயர்த்தினார். “எடுக்காதீக சாமி, தானா தலையில விழுந்தது!” என்றாள் ஒச்சம்மாள். அவர் தம் சொற்பொழிவு முழுவதையும் அந்த இலையோடே நிகழ்த்தினார். பொதுமக்களின் ஒத்துழைப்பை மட்டற்றுப் புகழ்ந்தார். நாடகத்தைப் புகழ்ந்தார். மல்லிகையைக்கூடப் புகழ்ந்தார். ஓவியத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, மேடை பிரிக்க வந்த அப்பாஸ் வாத்தியாரை ஆண்டிச்சாமி கூப்பிட்டார். மேசையில் மோர் இருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“டிப்டிக்கு மனசு குளுந்து போச்சு சார். நான் இல்லேங்கலை. ஆனா குளுந்தது அந்தப் பொம்பளைகளால. வந்தவங்க எல்லாம் அம்மனைப் பாத்தாங்க. நீங்க வரைஞ்சதை வரைஞ்சதுன்னு ஒருத்தராவது பாத்தாங்களா? மனசுல கை வச்சுச் சொல்லுங்க.”

அப்பாஸ் மனத்தில் கை வைத்துப் பார்த்தார். ஒருவரும் இல்லை. “திங்கக்கிழமையிலேருந்தா?” என்றார்.

“திங்கக்கிழமையிலேருந்து.”

மேசை இழுப்பறையிலிருந்து ஆண்டிச்சாமி ஒரு புதுத் தக்கிளியை எடுத்து மோர்க் குவளைக்கு அருகில் வைத்தார். அப்போது வராந்தாவில் கூடை இறங்கும் ஓசை கேட்டது.

“வாத்தியாரு இருக்காகளா?” ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். முகத்தில் கடுகு வெடித்தது. “ஏன் வாத்தியாரே, ஊருக்கெல்லாம் முழு இலை, எனக்கு மட்டும் ஓட்டை இலையா? மொதக் குலவை போட்டவ நானு!”

“ஓட்டையா?”

“இந்தா பாருங்க. புழு அரிச்ச இலை. சாமி மாடத்துல வச்சு விளக்கேத்தப் போனப்பத்தான் பாத்தேன். பொத்தல் இலை வீட்டுக்கு ஆகாது. வெத்திலை வாங்கினாக்கூட ஓட்டை இருந்தா மாத்திக் குடுக்கிறான். நீங்களும் மாத்திக் குடுங்க!”

இலையை மேசையில் போட்டாள். அப்பாஸ் வாத்தியார் அதைப் பார்த்தார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

“ஓட்டை இலையை எதுக்கு சார் கட்டினீங்க? பாத்துக் கழிக்க வேணாமா?” என்று கேட்டபடி ஆண்டிச்சாமி இலையை எடுத்தார். அருகில் அமர்ந்திருந்த பொன்னழகு எட்டிப் பார்த்து, “புழு அரித்ததுதான். கம்பளிப்பூச்சியின் வேலை” என்று தீர்ப்பளித்தார். ஆண்டிச்சாமி ஓட்டையின் அளவைப் பார்க்க அதில் ஆள்காட்டி விரலை விட்டார்.

விரல் போகவில்லை. இலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மறுபடியும் முன்பக்கம் திருப்பினார். நம்ப மனமின்றி, இன்னும் கொஞ்சம் அழுத்தி விரலை விட்டார். ‘பட்’ என்று விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

 ஆண்டிச்சாமியின் விரலில் ஓர் இலை மோதிரம்போல் நின்றது. வரைந்த ஓட்டையில் பாதி, கிழிந்த ஓரத்தில் அப்படியே இருந்தது.

“வரைஞ்சதா?” என்றார், மெல்ல.

“வரைஞ்சது” என்றார் அப்பாஸ் வாத்தியார்.

ஆண்டிச்சாமி தக்கிளியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மோரைத் தாமே குடித்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றாள் ஒச்சம்மாள். “நான் கொண்டாந்தப்ப சின்ன ஓட்டை. இப்ப இவரு பெருசாக்கிட்டாரு. எனக்கு நல்ல இலையா ஒண்ணு குடுங்க, நேரமாகுது.”

வகுப்பறையில் மிஞ்சியிருந்தவற்றுள் மிகச் சிவந்த இலையாகத் தேடி எடுத்து, அப்பாஸ் அவளுக்கு இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். கிழிந்த இலையை அப்பாஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாஹிராவிடம் காட்டினார்.

“கெழிஞ்சு போச்சே” என்றாள் அவள்.

“தலைமையாசிரியர் கெழிச்சது” என்றார் அவர், விருது பெற்றவர்போல. அவள் அம்மிக்கல்லை எடுத்து அதன் இடத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தார்.

ஓவியப் பாடவேளை இரண்டும் அவர் ஓய்வு பெறும்வரை அவரிடமே இருந்தன. ஆனால் மாம்பழம் போயிற்று. ஒவ்வொரு மாசியும் ஒச்சம்மாள் வந்து, ‘தோரணம் என்னாச்சு?’ என்று வாசலில் நிற்பாள். ஏழாம் வகுப்பு சுண்ணாம்பும் மஞ்சளுமாக உட்காரும். அறுபத்து நான்கில் ஒருமுறை, மாறுதலுக்காக, பெட்டியில் மிஞ்சியிருந்த நீலத்தைப் பயன்படுத்திப் பார்த்தார். ஒச்சம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். நீலத்தின்மேல் மஞ்சள் பூசப்பட்டு இலைகள் பச்சையாயின. தைத்திங்கள் முழுக்கச் செத்த இலைக்கு வண்ணம் தீட்டி, கடைசியில் உயிருள்ள இலையின் நிறத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு.

ஊர் அவரை ‘இலை வாத்தியார்’ என்று மாற்றி அழைக்கத் தொடங்கியது. ஒச்சம்மாள் மட்டும் அப்படி அழைக்கவில்லை. தனக்குத் தரும் இலையை ஆண்டுதோறும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடத்தை மாற்றி மாற்றி விரலால் குத்திப் பார்த்துவிட்டே வாங்கிப் போனாள். அப்படிக் குத்தியதில் கிழிந்த இலைகளுக்கெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் மாற்று இலை கொடுத்தார்.